பழைய ஃபிலிம் கேமராவுக்கு நியாயமான விலையைக் கணிப்பது எப்படி?

நிழலொளி:
நண்பர் ஒருவரின் தந்தை பயன்படுத்திய ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவும் ஸுய்கோ என்ற பெயரில் ஒலிம்பஸ் செய்த மூன்று லென்ஸுகளும் விற்பனைக்கு வருகின்றன. தந்தை இப்போது இல்லை, நண்பருக்கு ஃபிலிமில் ஆர்வமும் இல்லை. "இதைப் பற்றி உனக்குத்தான் தெரியும், நீயே ஒரு விலையைச் சொல், நான் மறுக்க மாட்டேன்" என்று என்னிடமே விட்டுவிட்டார். வாங்குபவனே விலையையும் சொல்ல வேண்டியிருப்பதால்தான் எனக்குத் தயக்கம். குறைத்துச் சொன்னால் அவருடைய நம்பிக்கைக்கு நான் செய்யும் துரோகமாகிவிடும். கூட்டிச் சொன்னால், பழுதுபார்க்கும் செலவும் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கடையில் வாங்குவதைவிட அதிகமாகக் கொடுத்தவனாவேன்.

கேமராவுடன் 50 மி.மீ. எஃப் 1.8, 28 மி.மீ. எஃப் 3.5, 135 மி.மீ. எஃப் 3.5 ஆகிய லென்ஸுகள் தோலுறையில் இருக்கின்றன. பல ஆண்டுகளாக யாரும் தொடவில்லை. 135 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் மெல்லிய இழைகள் தெரிகின்றன, பூஞ்சையாக இருக்கலாம். ஒளியை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. இணையத்தில் இதே கேமராவுக்குக் கேட்கப்படும் விலைகளுள் மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. எதை அடிப்படையாகக் கொள்வது?

பழம்பொருள்:
கேட்கப்படும் விலைகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஒருவர் எந்த விலையையும் கேட்கலாம். அந்த விலைக்கு விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் பொருள்தான் தேடும்போது மீண்டும் மீண்டும் கண்ணில் படும். நியாயமான விலைக்கு வந்தது உடனே போய்விடுவதால் அது உங்கள் கண்ணில் படுவதே இல்லை. ஆகையால், விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் காட்டும்படி தேடலைச் சுருக்கி, அண்மைக் காலத்தில் நடந்த விற்பனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவற்றையும் ஒரே குவியலாகப் பார்க்கக் கூடாது. பழுது நீக்கி, உத்தரவாதத்துடன் கடைக்காரர் விற்றது ஒரு வகை. தனியாள் ஒருவர் "வேலை செய்கிறது" என்று சொல்லி விற்றது இன்னொரு வகை. "சோதிக்கப்படவில்லை" என்ற குறிப்புடன் விற்றது மூன்றாவது. கடைக்காரரின் விலையில் அவருடைய உத்தரவாதமும், திருப்பி அனுப்பப்படும் பொருள்களால் அவருக்கு நேரும் இழப்பும் அடங்கியிருக்கின்றன, எனவே அந்த விலையைத் தனியாளிடம் வாங்குபவர் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது வகையைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. படமெடுக்கும் விசையை அழுத்திப் பார்க்க ஒரு நொடிகூட ஆகாது. அப்படியிருக்க, சோதிக்கவில்லை என்று எழுதப்பட்ட ஒன்றைப் பழுதானதாகவே எண்ணி விலை சொல்ல வேண்டும்.

திருகாணி:
பழைய கேமராக்களைப் பழுது நீக்குவது என் தொழில், ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். பின்மூடியைத் திறப்பதற்கு முன், மேலே இடப்பக்கம் உள்ள சுருட்டும் பிடியை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தடை தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அதை முழுவதும் சுருட்டிய பிறகே திறக்க வேண்டும். இவ்வளவு காலம் கிடந்த கருப்பு வெள்ளை ஃபிலிமிலும் பல நேரங்களில் உருவம் மிஞ்சியிருக்கும். அது உங்கள் நண்பருக்கு உரியது.

இனிக் கேமராவுக்கு வருவோம். ஓஎம்-1 முழுவதும் இயந்திர விசையால் இயங்குவது. பேட்டரி மீட்டருக்கு மட்டுமே தேவை, அது இல்லாமலும் 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை எல்லா வேகங்களும் இயங்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, 1 நொடியில் வைத்து விசையை அழுத்துங்கள். உள்ளே பற்சக்கரங்கள் ஓடும் ஒலி சீராகக் கேட்டு, ஃபிலிமுக்கு முன் உள்ள திரை (ஷட்டர்) தானாக மூட வேண்டும். இடையில் நின்றாலோ இழுத்தாலோ உள்ளே மசகு இறுகியிருக்கிறது என்று பொருள். 1/30 நொடி வரையிலான வேகங்களைக் கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் படமெடுத்து, திரை திறந்திருக்கும் சட்டங்களை எண்ணிப் பார்க்கலாம். 1/30 என்றால் ஏறத்தாழ 8 சட்டங்கள் வர வேண்டும். 1/1000 நொடியில் வைத்து, வெளிச்சமான சுவரை நோக்கிப் பின்புறமாகப் பார்த்தபடி அழுத்தினால், சட்டத்தின் முழு அகலத்திலும் ஒளி பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் இருண்டே இருந்தால், திறக்கும் திரை, மூடும் திரை இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாமல் ஒன்றை மற்றொன்று எட்டிப் பிடிக்கிறது. அந்நிலையில் எடுக்கும் படத்தில் ஓர் ஓரம் கறுத்துப்போகும். துணித்திரை என்பதால், இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து விளக்கடித்து ஊசித்துளைகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டுகளோ கோடுகளோ தெரிந்தால் அது ஓஎம் வரிசைக்கே உரிய நோய். காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்தின் மேல் வைக்கப்பட்ட நுரை காலப்போக்கில் உருகி, வெள்ளிப் பூச்சை அரித்துவிடுகிறது. அதனால் ஃபிலிமில் பதியும் படம் கெடாது, ஆனால் வேறொரு பிரிசம் மாற்றும்வரை பார்வைக்கு இடைஞ்சலாகவே இருக்கும். பின்மூடியைச் சுற்றியுள்ள நுரைப்பட்டைகள் பிசுபிசுத்திருப்பது உறுதி. அதை ஒரு குறையாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம், இந்த வயதுக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் அது பொது.

மீட்டர் அசையவில்லை என்பதற்காக அதை இறந்துவிட்டதாக எண்ணாதீர்கள். இது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது, அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிகளில் பயன்படும் 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்துடன் பொருத்தி, மேலுள்ள மீட்டர் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

விலைக்கு வரும்போது நான் சொல்லும் கணக்கு இதுதான். முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட ஓர் ஓஎம்-1, 50 மி.மீ. லென்ஸுடன், உங்கள் சந்தையில் 100 பங்குக்குப் போகிறது என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கழற்றிச் சுத்தம் செய்து, மசகிட்டு, வேகங்களைச் சரிசெய்ய 40 பங்கு ஆகலாம். திறந்த பிறகே தெரியவரும் குறைகளுக்காக 10 பங்கு. மிஞ்சுவது 50. பழுது நீக்குபவர் தன் உழைப்பு நேரத்துக்குத்தான் கூலி கேட்கிறார், கேமராவின் விலைக்கு அல்ல. அதனால் விலை உயர்ந்த லைக்கா எம்3-இல் இந்தக் கூலி ஒரு சிறு பகுதியாகவும், சாதாரணக் கேமராவில் அதன் முழு மதிப்பையே விழுங்குவதாகவும் இருக்கிறது. மலிவான கேமராக்களில், சரிபார்க்கப்பட்டதையே சற்று அதிகம் கொடுத்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

வெள்ளி உப்பு:
திருகாணி அவர்களின் சோதனை முறைகளை மதிக்கிறேன், ஆனால் அந்தக் கணக்கை ஏற்க இயலவில்லை. சரிபார்க்கும் கூலி முழுவதையும் விற்பவரின் தலையில் கட்டுவது எப்படி நியாயமாகும்? சரிபார்ப்பின் பயனை வரும் பல ஆண்டுகளுக்கு அனுபவிக்கப் போகிறவர் வாங்குபவர். இன்று நல்ல நிலையில் உள்ளது என்று வாங்கும் கேமராவுக்கும் என்றாவது ஒருநாள் அதே செலவு வரத்தான் போகிறது. மேலும், 1/60-க்கு மேற்பட்ட வேகங்கள் சரியாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு இந்தக் கேமரா இன்றே பயன்படும். அவர் சரிபார்க்கும் வேலையைத் தள்ளிப்போடவும் செய்யலாம்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான பேரத்தில் விற்பவர் ஏற்றிச் சொல்வார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், இடையில் எங்கோ விலை நிற்கும். இங்கே விற்பவருக்காகப் பேச யாருமே இல்லை. எல்லாக் குறைகளையும் தேடித் தேடிக் கழிக்கும் நாம், அந்தப் பக்கத்தில் நின்று ஒரு நிறையையாவது சேர்த்தோமா? ஒரே கையில் இருந்த பொருள், இடையில் யாரும் திறந்து கெடுக்காதது, அதன் வரலாறு தெரிந்தது என்பவற்றுக்கெல்லாம் மதிப்பு உண்டு.

திருகாணி:
நீங்கள் கடைசியாகச் சொன்னதை முழுமனதுடன் ஏற்கிறேன். தெரியாத கை ஒருமுறை திறந்த கேமரா, ஒருபோதும் திறக்கப்படாததைவிட எனக்கு அதிக வேலை வைக்கிறது. திருகுகளின் தலை சிதையாமல் இருந்தால் அதை ஒரு நிறையாகவே எழுதுங்கள்.

கூலியைப் பற்றிய உங்கள் வாதத்தில் பாதிதான் எனக்கு உடன்பாடு. 100 பங்கு என்பது சரிபார்க்கப்பட்ட கேமராவின் விலை. அந்த விலையிலிருந்து தொடங்கினால் கூலியைக் கழித்துத்தான் ஆக வேண்டும், இல்லையேல் வாங்குபவர் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்கிறார். உங்கள் வழியில் செல்ல வேண்டுமானால், தொடக்கப் புள்ளியையே மாற்றி, சரிபார்க்கப்படாத ஆனால் இயங்குகிற கேமராக்கள் என்ன விலைக்கு விற்றன என்று பார்க்க வேண்டும். அதில் கூலியைக் கழிக்க வேண்டியதில்லை, சந்தையே கழித்துவிட்டிருக்கும். இரண்டு வழிகளிலும் கணக்கிட்டுப் பாருங்கள் என்பதே என் யோசனை. இரண்டும் அருகருகே வந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வெகுவாக விலகினால் ஏதோ ஓர் எண் தவறு.

கண்ணாடிவில்லை:
எல்லோரும் கேமராவின் உடலையே பேசுகிறீர்கள். விலையின் பெரும்பகுதி லென்ஸுகளில் இருக்கக்கூடும் என்பதால் நான் அங்கிருந்து தொடங்கியிருப்பேன். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதிய டிஜிட்டல் கேமராக்களில் ஒரு வளையத்தின் துணையோடு ஏறத்தாழ எந்தப் பழைய லென்ஸையும் மாட்ட முடிகிறது. அதனால் இப்போது லென்ஸுகளுக்கு ஃபிலிமைச் சாராத தேவையும் உண்டு. உடல் பழுதாகிவிட்டால் அது உதிரி பாகமாகவே விலை போகும், அதனுடன் இருக்கும் நல்ல லென்ஸ் தன் விலையை இழப்பதில்லை.

லென்ஸின் ஊடாக வலுவான கைவிளக்கை அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அதில் தெரிவதையெல்லாம் குறையென்று எண்ணுவது பெரும்பிழை. தூசு எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. முன்கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல்களும் அப்படித்தான். பின்கண்ணாடியில் உள்ள கீறலை மட்டும் சற்றுக் கூடுதலாகக் கவனியுங்கள். முழுப் பரப்பிலும் படிந்திருக்கும் மெல்லிய மூடுபனி போன்ற மங்கல்தான் உண்மையில் படத்தின் தெளிவைக் கெடுப்பது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகும். அது துடைத்தால் போகக்கூடியதாகவும் இருக்கலாம், கண்ணாடியின் மேற்பூச்சையோ கண்ணாடியையோ அரித்துவிட்டதாகவும் இருக்கலாம். திறக்காமல் சொல்ல முடியாது என்பதால் கெட்டதையே கருதி விலை சொல்வது முறை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்து, ஓரத்தில் வானவில் நிறங்கள் தெரிந்தால், அதைச் சரிசெய்வதற்கான கூலி பெரும்பாலும் அந்த லென்ஸின் விலைக்கு மேலே போய்விடும்.

பூஞ்சை தொடக்க நிலையில் இருந்தால் சுத்தம் செய்யலாம். நாள்பட்டதென்றால் பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சில் தடம் பதித்திருக்கும், துடைத்தாலும் அந்தத் தடம் நிற்கும். நிழலொளி அவர்கள் தோலுறையைப் பற்றி எழுதியிருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. கேமராவையும் லென்ஸுகளையும் இன்றே வெளியில் எடுத்து உலர்ந்த, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். துளையைச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய் படர்ந்திருக்கிறதா, அவை தயங்காமல் விரிந்து சுருங்குகின்றனவா என்றும் பாருங்கள். தானாகச் சுருங்கும் இவ்வகை லென்ஸுகளில் தகடு ஒட்டிக்கொண்டால், படத்துக்குப் படம் ஒளியின் அளவு மாறிவிடும்.

மஞ்சளாகத் தெரியும் கண்ணாடியைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். பென்டாக்ஸின் சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் பிற்கால வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, அது ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். புற ஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதற்காக விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விற்பவரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதே.

பழம்பொருள்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், ஏனெனில் எல்லாப் பழைய கேமராவுக்கும் திருகாணி அவர்களின் கணக்கு பொருந்தாது. அந்தக் கணக்கு பழுது நீக்க முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்ற இயந்திர வகைகளுக்கு அது சரி. கேனான் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் இயங்காது என்றாலும், படமெடுக்கும்போது கேட்கும் அதன் புகழ்பெற்ற கீச்சொலி உலர்ந்துபோன மசகால் வருவது, சரிசெய்யக்கூடியது. மினோல்டா எக்ஸ்-700 திடீரென நின்றுபோவதற்கு மின்தேக்கி காரணமாக இருப்பது வழக்கம், அதையும் மாற்றலாம். ஆனால் கான்டாக்ஸ் டி2 போன்ற மின்னணுச் சிறு கேமராக்களின் விலை அவற்றின் புகழால் ஏறியது. உள்ளே உள்ள மின்சுற்று கெட்டுவிட்டால், இன்னொரு இறந்த கேமராவிலிருந்து எடுப்பதைத் தவிர உதிரி பாகத்துக்கு வழியில்லை. அத்தகையவற்றில் "இயங்கும்போது உள்ள விலை" என்ற ஒன்றை நான் நம்புவதில்லை. நாளைக்கே நின்றால் எவ்வளவு இழப்பைத் தாங்குவேன் என்பதுதான் அங்கே விலையின் எல்லை.

ஃபிலிம் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். 35 மி.மீ., 120 ஆகிய அளவுகள் இன்றும் உற்பத்தியாகின்றன. ஃபுஜிஃபில்ம் 2016-இல் உடனடிப் படம் தரும் எஃப்பி-100சி ஃபிலிமை நிறுத்தியதும், அந்த உரித்தெடுக்கும் வகை ஃபிலிமுக்கான போலராய்டு கேமராக்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பயன்பாட்டு மதிப்பைப் பெரும்பாலும் இழந்தன. லைக்கா என்ற பெயர் பொறித்த மிகப் பழைய கேமரா மலிவாக வந்தால், சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஃபெட் அல்லது ஜோர்க்கி கேமராவுக்கு வேறு பெயர் பொறித்ததாக இருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

நிழலொளி:
எல்லோருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்து முடித்தேன். சுருட்டும் பிடியில் தடை இருந்தது, உள்ளே ஃபிலிம் இருந்தது. அதைச் சுருட்டி எடுத்து நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

1 நொடி வேகம் முதல் சில முறை பாதியில் நின்றது, பிறகு முடிந்தாலும் சற்று இழுக்கிறது. 1/30 நொடியில் 9 சட்டங்கள் வருகின்றன. 1/1000-இல் முழுச் சட்டமும் பளிச்சிடுகிறது. திரையில் துளைகள் இல்லை. பிரிசத்தின் கீழ்விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று உண்டு. புதிய பேட்டரியைப் போட்டதும் மீட்டர் முள் எழுந்தது, வேறொரு மீட்டருடன் ஒப்பிட்டதில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. 50-உம் 28-உம் தூசைத் தவிரக் குறையில்லாதவை. 135-இல் பூஞ்சை உட்கண்ணாடி ஒன்றின் கால்பகுதியை மூடியிருக்கிறது. அடித்தட்டின் திருகுகளில் கீறலே இல்லை.

விற்று முடிந்த விலைகளையும் பார்த்தேன். சரிபார்க்கப்பட்டது 100 என்றால், தனியாள்கள் சரிபார்க்காமல் விற்ற, இயங்கும் கேமராக்கள் 60-இலிருந்து 70-க்குள் அடங்குகின்றன. நான் விசாரித்த பழுது நீக்குபவர் கேட்ட கூலி 35. திறந்த பிறகு தெரியக்கூடிய குறைக்கு 5 வைத்தால் முதல் வழியில் 60 வருகிறது.

வெள்ளி உப்பு:
அப்படியானால் 65 என்று சொல்லுங்கள். மீட்டர் உயிரோடு இருப்பதும், யாரும் திறக்காததும் அந்த வரம்பின் கீழ்விளிம்பில் நிற்க வேண்டிய கேமரா அல்ல என்பதைக் காட்டுகின்றன.

திருகாணி:
இழுக்கும் 1 நொடியும் பிரிசக் கோடும் விலையைக் குறைக்கும் பக்கம் இருக்கின்றன. பிரிசத்தின் மேலுள்ள நுரையை இப்போதே எடுக்காவிட்டால் அந்தக் கோடு வளரும், அதனால் சரிபார்க்கும் வேலையைத் தள்ளிப்போடலாம் என்ற வாதம் இந்தக் கேமராவுக்குச் செல்லாது. நான் 60 என்பேன். ஐந்து பங்குக்காக வாதாடுவதைவிட, 28 மி.மீ. லென்ஸைத் தனியாக விலையிடுங்கள். தொகுப்பாக வாங்குகிறோம் என்று சொல்லி நல்ல லென்ஸை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் அநியாயம் நடக்கிறது.

கண்ணாடிவில்லை:
அதை வழிமொழிகிறேன். 28-க்குக் குறை எதுவும் இல்லாததால், தனியாள் விற்பனையின் நடுவிலையை முழுமையாகக் கொடுங்கள். 135-ஐப் பொறுத்தவரை, இந்த வகை லென்ஸ் ஏராளமாகக் கிடைக்கிறது. சுத்தம் செய்யும் கூலி நல்ல ஒன்றின் விலையை எட்டும். அதற்கு விலை வைக்காமல் இருப்பது நியாயமே, ஆனால் காரணத்தை நண்பரிடம் விளக்குங்கள். அதை மற்ற லென்ஸுகளுடன் ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

நிழலொளி:
கேமராவும் 50-உம் சேர்ந்து 65, 28-க்கு அதன் முழு நடுவிலை என்று முடிவு செய்திருக்கிறேன். 60-க்கும் 65-க்கும் இடையிலான வேறுபாட்டை விற்பவர் பக்கம் விட்டதற்குக் காரணம், இந்தக் கணக்கில் அவருக்காகப் பேச ஆள் இல்லை என்று வெள்ளி உப்பு சொன்னது எனக்குச் சரியாகப் பட்டதுதான். 135-ஐ அவரிடமே விடுகிறேன். நான் குறித்த விற்பனை விலைகளையும், பழுது நீக்குபவர் சொன்ன கூலியையும், சோதனைக் குறிப்புகளையும் ஒரே தாளில் எழுதி விலையுடன் சேர்த்து அவரிடம் கொடுக்கப் போகிறேன். வேறு யாரிடமாவது காட்டி விசாரிக்க விரும்பினால் அவருக்கு அது பயன்படும். அதுவரை பணத்தையும் கொடுக்கப் போவதில்லை, கேமராவையும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

வெள்ளி உப்பு:
அந்தத் தாளில் 28-இன் விலையைத் தனி வரியாக எழுதுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எது எதற்கு எவ்வளவு என்பது அவருக்கு விளங்காது.